வெளிக்கிட்ட பெட்டி

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு ஹோலில் பெரிய பயணப் பெட்டி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். வந்தவர் குளித்துச் சாப்பிட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் "சும்மா வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்துவிடுவார். வாய் நம்மோடு கதைக்கும், கண் பெட்டியில் இருக்கும். இப்படி வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்து, இதற்குள் சொக்கிலேற் இல்லை, சென்ற் இல்லை, யாரும் வரவும் இல்லை என்று விளங்கப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் ஹோலில் நிற்கும் பச்சைப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. வெளிநாட்டுக்குப் போக வெளிக்கிட்டது. வெளிக்கிட்டு என் வீடு வரைக்கும் வந்து, இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவேன். அதற்கு மேல் தள்ளவும் மாட்டேன், இழுக்கவும் மாட்டேன்.

பெட்டியின் சொந்தக்காரர்கள் எனக்கு மேல் மாடியில் இருந்தவர்கள். அந்த வீடு என் அக்காவுடையது. அக்கா சுவிஸில் இருக்கிறாள். வாடகைக்கு ஆள் பார்ப்பது, குழாய் உடைந்தால் திருத்துகிற பாஸைக் கூப்பிடுவது, கட்டடக் கொமிட்டியோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் தலையில். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. ஆகவே எனக்கு வேறு வேலை இருக்காது என்பது குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

அவர்கள் மூன்று பேர். புருசன், பெண்சாதி, ஒரு மகள். பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தொழுகிற விதம் ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. கடையை எரித்தார்கள், பிறகு வீட்டுக் கதவில் மிரட்டல் எழுதிவிட்டுப் போனார்கள். விசா சுலபமாகக் கிடைத்த நாடு என்பதால் இங்கே வந்து இறங்கியிருந்தார்கள். ஆனால் இலங்கை அவர்களை வைத்துக்கொள்ளாது. அகதி என்று வந்தவரை இங்கேயே குடியமர்த்த எங்களிடம் சட்டம் இல்லை. அகதிகளுக்கான ஓர் அலுவலகம் அவர்களைப் பதிந்து, திரும்பத் திரும்ப விசாரித்து, இவர்கள் சொல்வது உண்மைதான் என்று ஒரு அட்டை கொடுக்கும். அதன் பிறகு வேறு ஏதாவது ஒரு நாடு "வாருங்கள்" என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வேலை செய்யக் கூடாது. பிள்ளையை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது. வாடகைக்கு அந்த அலுவலகம் உதவி செய்யும்.

இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் கட்டடக் கொமிட்டித் தலைவர் என்னை லிப்டுக்குள் வைத்துப் பிடித்தார்.

"பிள்ளை, ஆர் எவர் எண்டு தெரியாத ஆக்களைக் கொண்டுவந்து மேலை விட்டிருக்கிறீர். நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் ஆர் பொறுப்பு?"

"ஐயா, உங்கடை மூண்டு பெடியளையும் லண்டனிலை ஆர் எவர் எண்டு தெரிஞ்சே வைச்சிருந்தவங்கள்?" என்று கேட்டேன். அவருடைய மூன்று மகன்களும் அகதி என்று கேஸ் கொடுத்துத்தான் அங்கே நின்றுபிடித்தவர்கள். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்தப் பெண் என்னை "பாஜி" என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அது அக்கா. வரும்போது மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளை, தாயிடமும் தகப்பனிடமும் படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் கீழ் வீட்டில் இருந்தாள். நான்கு வருடத்தில் எங்களைப் போலவே கதைக்கப் பழகிவிட்டாள். "அன்ரி, உங்கடை சம்பல் இண்டைக்கு உறைக்கேல்லை" என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். கதைத்துக் கதைத்துத் தாயும் ஓரளவு பிடித்துக்கொண்டாள். தகப்பன் மட்டும் இங்கிலிஷோடு நின்றுகொண்டார். நல்ல மனிதர். பின்னேரங்களில் தண்டவாளத்துக்கு அப்பால் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை கால் நல்லாயிருக்கிற ஒரு ஆம்பிளையை வேலை செய்யாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவரைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

ஒருநாள் தாய் படியில் ஓடி இறங்கி வந்தாள். ஒரு நாடு கூப்பிட்டுவிட்டது. விசாரணை முடிந்து, இரத்தம் சோதித்து, நெஞ்சுப் படம் எடுத்து, டிக்கட்டும் போட்டாயிற்று. எந்த நாடு என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. நாவூறு பட்டுவிடுமாம். "குளிர் நாடு, பாஜி" என்று மட்டும் சொன்னாள். பிறகு எனக்குத் தெரிய வந்தது. அவள் சொல்லாததை நானும் இங்கே எழுதவில்லை.

பயண நாளைக் கேட்டதும் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டிய நேரம் சரியாக ராகு காலத்துக்குள் விழுந்தது. போதாததற்கு அன்று அட்டமி. எனக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் குறைவு. கோயிலுக்குப் போனால் செருப்பைத்தான் நினைத்துக்கொண்டு நிற்பேன். ஆனால் பயணம் என்றால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விமானத்தின் நேரத்தை நாங்கள் மாற்ற முடியாது. அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. முதலே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், ஒரு பெட்டியை வீட்டை விட்டு வெளியே எடுத்து வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி வெளிக்கிட்டால் பயணம் வெளிக்கிட்ட மாதிரித்தான். பிறகு ஆட்கள் எந்த நேரத்தில் போனாலும் குற்றமில்லை. ஒரே ஒரு நிபந்தனை. வெளியே வைத்த பெட்டியைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. எடுத்தால் பயணம் முறிந்துவிடும்.

இதை அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். புருசன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தான் கலியாணம் முடித்து வீட்டை விட்டுப் போனபோது தாய் வாசலில் வேதப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, அதற்குக் கீழே குனிந்து போகச் சொன்னதைச் சொன்னாள்.

"எல்லா அம்மாக்கும் பயம் ஒண்டுதான், பாஜி" என்றாள். புருசனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். வியாழக்கிழமை காலை, நான் சொன்ன நேரத்துக்கு, அவர் பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து என் ஹோலில் வைத்தார்.

பயணத்துக்கு முன் வாரம் மேல் வீடு காலியாகிக்கொண்டு வந்தது. பிரிட்ஜை நுகேகொடையிலிருந்து ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். கட்டில் போனது. சட்டி பானைகளை என்னிடமும் எதிர் வீட்டிலும் கொடுத்தாள். மகள் தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையை எனக்குத் தந்தாள். அதில் நான் எப்படி உட்காருவது என்று கேட்டதற்கு, "மெலிஞ்சாப் பிறகு இருங்கோ" என்றாள்.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் தொலைபேசி வந்தது. அந்த நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. வந்தவர்கள் வந்த கையோடு அகதிகளுக்கான கதவைச் சாத்திவிட்டார்கள். டிக்கட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உலகம் முழுவதும் எல்லோருக்கும் பயணம் நிறுத்தம். திரும்ப எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் மேலே போனபோது மூன்று பேரும் வெறும் நிலத்தில் இருந்தார்கள். உட்கார ஒரு கதிரைகூட அந்த வீட்டில் மிச்சமில்லை. அவள் அழவில்லை. சுவரில் கட்டில் உரசிய அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய், தலையணை, அவள் எனக்குத் தந்த சட்டி பானை எல்லாவற்றையும் நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் எடுத்துக்கொண்டு போனேன். யாரும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை புருசன் பெட்டியை எடுக்க வந்தார். மாற்றுடுப்பு முழுக்க அதற்குள்தான் இருந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்ததும் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"அதிலை கை வைக்காதேங்கோ, தம்பி. அது வெளிக்கிட்டிட்டுது."

அவர் விளங்காமல் பார்த்தார். இங்கிலிஷில் திரும்பச் சொன்னேன். இங்கிலிஷில் சொல்லும்போது அது எவ்வளவு விசர்க் கதை என்று எனக்கே கேட்டது. "மேடம், பயணம் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. பயணம் இல்லை என்று சொல்ல நீர் யார், அந்தக் கதவைச் சாத்தியவன் யார் என்று தமிழில் கத்தினேன். பாவம், ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்காது.

எனக்கு அந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. அக்கா போன கதை அது. அப்போது நாங்கள் ஊரிலிருந்து வந்து இதே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஓர் அறையில் இருந்தோம். அக்காவை அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தான். அப்பா நல்ல நேரம் பார்த்து அக்காவின் பையை லொட்ஜ் மனேஜரின் அறையில் வைத்திருந்தார். பயணம் தள்ளிப் போகப் போக, உடுப்பு மாற்ற வழியில்லாமல் அக்கா இரண்டு சட்டையை மாறி மாறித் தோய்த்துப் போட்டாள். அம்மா பையை எடுத்துத் தரச் சொல்லிச் சண்டை பிடித்தார். அப்பா அசையவில்லை. ஒருநாள் ஏஜென்ட் திடீரென்று வந்து நின்றான். அக்கா போய்ச் சேர்ந்தாள். அது பையால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

அன்று காலை புருசனுக்குப் பின்னால் படியில் அவள் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"இருக்கட்டும்" என்றாள் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "பாஜி சொல்றது சரி. பெட்டி அங்கயே நிக்கட்டும். தேவையான சாமான் நான் வந்து எடுக்கிறேன்."

அப்படித்தான் தொடங்கியது. பெட்டியை மேலே கொண்டுபோகக் கூடாது. அதற்குள் இருந்து எடுக்கலாம். முதல் நாள் துவாயும் மாற்றுடுப்பும் எடுத்தாள். அடுத்த நாள் ரொட்டி சுடுகிற இரும்புத் தட்டு. பிறகு மகளின் நிறப் பென்சில்கள், தாய் கொடுத்த சால்வை, வறுத்து இடித்துக் கட்டி வைத்திருந்த மசாலாத் தூள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாமானைத்தான் எடுப்பாள். முழுவதையும் ஒரேயடியாக எடுத்திருக்கலாம். எடுத்தால் பெட்டி காலியாகிவிடும் என்று பயந்தாளோ, அல்லது இறங்கி வந்து என்னோடு தேத்தண்ணீர் குடிக்க ஒரு சாட்டாக வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாட்டு கெட்டுப் போயிருக்கும்.

கடைசியில் கொழும்புக்குத் தேவைப்படாத சாமான்கள் மட்டும் பெட்டியில் மிஞ்சின. தடித்த காலுறைகள், கம்பளித் தொப்பிகள், மூன்று கோட்டுகள். மகளின் கோட் சிவப்பு. புறக்கோட்டையில் வாங்கியது, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. அவளுக்கு அதுதான் உயிர். தாய் பெட்டியைத் திறந்ததும் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பூட்டி, என் பிரிட்ஜைத் திறந்து அதற்கு முன்னால் நிற்பாள்.

"அன்ரி, பனி கொட்டுது!"

"கரண்ட் பில் உன்ரை கொப்பரே கட்டுறது? பூட்டடி கதவை!"

பூட்ட மாட்டாள். வேர்த்து ஒழுகும்வரை நிற்பாள். முன்பு விரல் நுனிவரை மறைத்த கோட்டின் கை, அடுத்த மழைக்காலத்தில் மணிக்கட்டுக்கு ஏறியது. தாயும் நானும் அதைப் பார்த்தோம்.

உள்ளதைச் சொல்கிறேன். அவர்கள் போய்விட வேண்டும் என்று காலையில் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை ஒரு பள்ளிக்கூடச் சீருடை போட வேண்டும், அந்த மனிதர் வேலைக்குப் போய்க் களைத்து வீட்டுக்கு வர வேண்டும், அந்தத் தாய் தன் பெயரில் ஒரு கதவைப் பூட்டித் திறக்க வேண்டும் என்று உண்மையாகவே ஏங்கினேன். பின்னேரம் படியில் அவளுடைய சிலிப்பர் சத்தம் கேட்கப் பிந்தினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து இருப்பேன். இரண்டு ஆசையும் ஒரே மனதுக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருந்தன.

அக்காவிடம் கதைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சுவிஸில் யாரையாவது தெரிந்திருக்கலாம், ஒரு வழி சொல்லலாம் என்ற நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை அவள் கோல் எடுத்தபோது இவர்கள் கதையைத் தொடங்கினேன்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் அக்கா. "இப்ப வாறவங்கள் எல்லாம் பொய்க் கேஸ். இஞ்சை வந்து பார். ஹோட்டலிலை வைச்சுச் சாப்பாடு குடுக்கிறாங்கள். உண்மையாக் கஷ்டப்பட்டு வந்த எங்களுக்கும் இவங்களாலைதான் கெட்ட பேர். இந்த முறை வோட்டும் நான் அவங்களை வரவிடாதை எண்டவனுக்குத்தான் போட்டனான்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நிலத்துக்குக் கீழை படுத்த ஆள் நீங்கள்."

அவள் போய் இறங்கிய காலத்தில் அகதிகளைத் தங்க வைக்க அங்கே இடம் போதவில்லை. குண்டு விழுந்தால் ஒளிப்பதற்கென்று கட்டி வைத்திருந்த நிலக்கீழ் மண்டபம் ஒன்றில் அவளை விட்டார்கள். ஜன்னல் இல்லை. வரிசையாக இரும்புக் கட்டில்கள். விடிந்ததா இருண்டதா என்று அறிய மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஒரு முழு மாரிகாலமும் அங்கேதான் இருந்தாள். இதை அவள் அம்மாவுக்குச் சொன்னதில்லை. எனக்கு மட்டும் சொன்னாள், அதுவும் ஒரே ஒரு தடவை.

அக்காவின் குரல் தணிந்தது.

"அதை நீ எனக்கு ஞாபகப்படுத்தாதை" என்றாள். "நான் மறக்கிறதுக்கு எவ்வளவு பாடுபட்டனான் எண்டு உனக்குத் தெரியாது."

எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. கவலை போகவில்லை. அவள் போய்ச் சேர்ந்த இடத்தில் அவளே கதவுக்குப் பின்னால் நின்று தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் யாரிடம் சொல்லி அழுவது?

அதற்குப் பிறகு அந்த அகதி அலுவலகமும் கையைச் சுருக்கியது. பெரிய நாடுகள் கொடுத்த உதவி குறைந்துவிட்டதாம். இனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாடகை இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடி வீட்டை எடுத்து, குடும்பத்துக்கு ஓர் அறை என்று பிரித்துவிட்டார்கள். சமையலறையும் குளியலறையும் எல்லோருக்கும் பொது. என்னோடு வந்து இருங்கள் என்றேன். என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, வாடகையும் வேண்டாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க குடுக்கிற இடத்தில இல்லாட்டி, இவங்களுக்கு உதவி இருக்கு எண்டு எழுதுவாங்க, பாஜி. பிறகு எங்க பேர் கீழ போயிடும். கதவு திறந்தாலும் எங்களக் கூப்பிட மாட்டாங்க."

உதவி செய்தால் கெடுதலாக முடியும் என்று ஒரு சட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்க மாட்டாள். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அன்றைக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்த பாஸைப் பிடித்துத் திட்டினேன்.

அவர்கள் போகிற அன்று ஒரு சின்ன லொறி வந்தது. மேல் வீட்டுச் சாமான்களை ஏற்றி முடிந்ததும் புருசன் என் ஹோலுக்குள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். இந்த முறை கைப்பிடியைத் தொடாமல் பெண்சாதியைப் பார்த்தார். நானும் அவளைத்தான் பார்த்தேன். என்னால் தடுக்க முடியாது. கொட்டாஞ்சேனை எங்கே, என் ஹோல் எங்கே. கோட்டைப் போட்டுப் பார்க்க ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்து வர முடியுமா?

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"நாங்கதான் கொட்டாஞ்சேனைக்குப் போறம்" என்றாள். "பெட்டி அங்க வர வேண்டாம். அது வெளிக்கிட்டது வேற இடத்துக்கு."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன். கொமிட்டித் தலைவர் லிப்டிலிருந்து இறங்கி, எங்களைப் பார்த்து, திரும்ப லிப்டுக்குள் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து சமயம் கிடைக்கும்போதெல்லாம் நான் மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். அவர்கள் அறை வீதிப் பக்கம். ஒருகொடவத்தைக்குப் போகிற கொள்கலன் லொறிகள் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். சமையலறையில் ஐந்து நாட்டுக் குழம்பு ஒரே நேரத்தில் கொதிக்கும். குளிக்க வாளியோடு வரிசை. வெளி ஆட்கள் தங்கக் கூடாது, அதிக நேரம் நிற்கவும் கூடாது என்று கீழே ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டால் கொஞ்சம் கூட நேரம் தருவார். அவள் எப்போதும் "நல்லா இருக்கு, பாஜி" என்றுதான் சொல்வாள். மெலிந்துபோனாள். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன். மகள் வாசலிலேயே வந்து பையைப் பறிப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அன்ரி, பெட்டி சுகமா இருக்கோ?"

"இருக்குது. உன்னை விசாரிச்சது."

போன மாதம் போனபோது அவள் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் தலைக்கு மேல் கையை வைத்து என் பக்கமாக நீட்டிப் பார்த்தாள். என் காதளவுக்கு வந்திருந்தாள்.

"அன்ரி, அந்தக் கோட் இப்ப எனக்குக் காணாது, என்ன?" என்றாள்.

சின்னதாகிவிட்டது என்று அவள் முறைப்பாடு சொல்லவில்லை. எனக்கு மனம் நோகாமல் இருக்கத் தானே முதலில் சொல்லிவிட்டது மாதிரி இருந்தது. தாய் திரும்பி ஜன்னல் பக்கம் போனாள். அங்கே பார்க்க ஒரு லொறிதான் இருந்தது. நான் "ஆர் சொன்னது? எல்லாம் காணும்" என்று சொல்லிவிட்டு, வழக்கமாக நிற்கிற நேரத்துக்கு முதலே எழும்பிவிட்டேன்.

வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறாமல் புறக்கோட்டைக்கு நடந்தேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கென்று குளிர் உடுப்பு விற்கிற கடைகள் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கின்றன. கொழும்பு வெயிலில் கம்பளியும் தோலும் தொங்கும். ஒரு முஸ்லிம் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பி வந்தார்.

"வாங்க லாத்தா. எந்த நாட்டுக்கு?"

"குளிர் நாட்டுக்கு. ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குக் கோட் வேணும். சிவப்பிலை இருந்தால் நல்லது."

"புள்ளக்கி எத்தின வயசு?"

வாய் வரைக்கும் வந்தது. இப்போது அவளுக்குப் பதினொன்று தாண்டிவிட்டது. அதைச் சொன்னால் பதினொரு வயதுக்கு ஒரு கோட் எடுத்துத் தருவார். அது இன்றைக்குச் சரியாக இருக்கும். ஆனால் இன்றைக்கு யார் போகிறார்கள்?

முதலாளி தானே ஒன்றை எடுத்து விரித்தார். "இத எடுங்க. கொஞ்சம் பெரிசு. வளர்ற புள்ளதானே. எப்ப பயணம்?"

எப்போது பயணம்? அந்த நாட்டில் திரும்ப ஆட்சி மாற வேண்டும். மாறினாலும் வருகிறவன் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் வரிசையில் அவர்கள் பெயர் எங்கே நிற்கிறதோ. பழைய விசாரணையெல்லாம் காலாவதியாகி, திரும்ப இரத்தம், திரும்ப நெஞ்சுப் படம். பன்னிரண்டு வயதுக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். பதினான்கைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடிக்க, அதற்குள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த, இன்னும் கொஞ்சம் பேசாத ஒரு பிள்ளை நின்றாள். நான் அவளைப் பிள்ளையாகத்தான் அனுப்ப ஆசைப்பட்டேன். போய் இறங்கியதும் பனியில் கத்திக்கொண்டு ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலாளி பொறுமையாக நின்றார்.

"பெரிய ஆக்கள் போடுறதைக் காட்டுங்கோ" என்றேன்.

சிவப்பில் இல்லை. பெரியவர்களுக்குச் சிவப்பு யாரும் வாங்குவதில்லையாம். கடும் நீலத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தேன். மடித்து மடித்து வைத்துப் பார்த்தேன். மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். மூடி பூட்டவில்லை. ஒன்றை வெளியே எடுக்காமல் இனி அது பூட்டாது. அடியில் கையை விட்டுச் சின்னக் கோட்டை இழுத்து எடுத்தேன். ஒரு நாள்கூடக் குளிரைப் பார்க்காமலே அது சின்னதாகிப் போயிருந்தது.